பத்தொன்பதாம் போர்ட்

கம்ப்யூட்டர், கேமரா ஒயர்களையெல்லாம் ஒன்றாக இணைக்கிற அந்தப் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்சின் முகப்பில், ஒன்றாம் போர்ட்டுக்கு (ஒயர் செருகுகிற துளைக்கு) இடது பக்கம், ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து வைத்து, அது சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடித்துக் காய்ந்திருந்தது. 2011 முதல் 2023 வரை பதின்மூன்று பூஜை பார்த்த பெட்டி அது.

இடம், பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் மில். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட்டின் ஓரத்தில் ஸ்பின்னிங் மாஸ்டர் அறையை ஒட்டி, சுவரில் ஒரு சின்ன ராக். அதில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960. 24 போர்ட், ஒவ்வொன்றும் நொடிக்கு 100 மெகாபிட்; மேலே அலுவலகத்துக்குப் போக இரண்டு கிகாபிட் போர்ட். நான் அந்த மில்லுக்கு ஏ.எம்.சி.யில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியது 2014இல். அதற்கு முன்பே அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதற்குச் செய்த வேலை என்று பார்த்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதிவிட்டதுதான்.

தூசி என்று சொல்கிறேன். மில்லைப் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. வீட்டில் ஃபேன் மேல் படிகிற தூசி இல்லை. பஞ்சிலிருந்து பிரிந்த மெல்லிய இழைகள். ரிங் ஃபிரேம் மேல் டிராவலிங் கிளீனர் ஓயாமல் ஓடி ஊதிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருந்தாலும், கொஞ்சம் காற்றில் மிதந்து கொண்டேதான் இருக்கும். ஃபேன் உள்ள எந்தப் பெட்டியும் அதை இழுத்துக்கொள்ளும். ஸ்விட்ச்சின் பக்கவாட்டுத் துளைகளில் அது படிந்து, ஈரப்பதத்தில் இறுகி, கம்பளித் துணி மாதிரி ஆகிவிடும். விரலால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாகக் கையோடு வரும். அதன் மறுபக்கத்தில் துளைகளின் அச்சு வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பெட்டி அத்தனை வருடம் நின்றது. அதனால்தான் மாற்றச் சொன்னபோது எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு மனசே இல்லை.

"ஏனுங் தம்பி, நல்லாத்தானே ஓடிட்டிருக்குது. இதைய எதுக்குங்க மாத்தோணும்?"

கேள்வி நியாயமானது. ஸ்விட்ச் கெட்டுப்போகவில்லை. மாற்றச் சொன்னது வேறொரு காரணம்: 2023 அக்டோபரில் ரிங் ஃபிரேம் பக்கம் ஒரு கேமராவுக்குக் கரண்ட் கொடுத்த பிளக் பாயிண்ட் கருகியிருந்ததை மெயின்டெனன்ஸ் ஆள் பார்த்தார். மேலே கூரையோரம், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் இருந்த பிளக். இயந்திர அதிர்வில் அடாப்டர் தளர்ந்து, உள்ளே பொறி பறந்திருக்கிறது. அதன் மேல் பஞ்சு படிந்திருக்கிறது. பற்றாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். நூல் மில்லில் தீ என்றால் அது எப்படி ஓடும் என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கேமராவுக்கு மேல கரண்டே போகாம வைக்க முடியுமா?"

முடியும். நெட்வொர்க் ஒயரிலேயே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பலாம். பிஓஇ என்று சொல்வார்கள். 48 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம். 230 வோல்ட் கிடையாது, பிளக் கிடையாது, அடாப்டர் கிடையாது. 2003இல் வந்த முதல் தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 2009இல் வந்த அடுத்த தரத்தில் 30 வாட். எங்கள் கேமரா ஒன்று இழுப்பது ஏழு வாட் சுமார்தான். ஆனால் அந்தப் பழைய 2960இல் பிஓஇ இல்லை. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இறக்க வேண்டி வந்தது.

அது ஒன்று மட்டும் காரணம் என்றும் சொல்லமாட்டேன். பழையதற்கான மென்பொருள் திருத்தங்கள் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. அதில் இருந்த மென்பொருளில், தொலைவிலிருந்து நுழைவதற்கு, எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிற எஸ்எஸ்எச் கிடையாது, பழைய டெல்நெட்தான். பாஸ்வேர்டு ஒயரில் அப்படியே திறந்தபடி போகும். இது எனக்குப் பல நாள் உறுத்தல். ஆனால் "பாஸ்வேர்டு திறந்தபடி போகுது" என்று சொல்லி எந்த மில்லிலும் புது ஸ்விட்ச் வாங்க வைக்க முடியாது. கருகிய பிளக் பேசியது.

புதிதாக எடுத்தது கேட்டலிஸ்ட் 9200எல், 24 போர்ட், எல்லாமே கிகாபிட், எல்லாவற்றிலும் பிஓஇ. மொத்தம் 370 வாட் வரை தரும். 24 போர்ட்டுக்கும் 15.4 என்று வகுத்துப் பார்த்தால் சரியாக வரும். எங்கள் 11 கேமராவுக்கு எண்பது வாட்கூட ஆகாது. வாங்கும்போது மென்பொருள் உரிமத்தையும் மூன்று, ஐந்து, ஏழு வருடம் என்று ஒரு காலக்கெடுவுக்குச் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது; இது பழையதில் இல்லாத செலவு. கெடு முடிந்தாலும் அடிப்படை ஸ்விட்ச் வேலை நிற்காது. அதை முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பில் வந்த பிறகு விளக்குவது போலக் கஷ்டம் வேறில்லை.

"அரை மணி நேர வேலைதானே தம்பி?" என்றார் அவர். இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் எனக்கு வரும். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, ஒயரை அதே வரிசையில் செருகு. பெட்டியை மட்டும் பார்த்தால் அரை மணி நேரம்தான்.

ஆனால் ஒரு ஸ்விட்ச் பதின்மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தால், அந்தக் கட்டடத்தில் அத்தனை வருடமும் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதன் பின்னால் ஒயராகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவசரத்தில் இழுத்தது, கேபிள் தீர்ந்துபோனதால் ஒட்டுப்போட்டது, யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டது. பழைய பெட்டி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். புதியது தாங்காது. மாற்றுகிற வேலை என்பது அந்த ஒயர்கள் ஒவ்வொன்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான். அதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது.

ராக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நீல மையில் எழுதிய பட்டியல்: டைம் ஆபீஸ், குடோன், பேக்கிங், க்யூசி லேப், இ.பி. ரூம். பாதி மங்கிவிட்டது, மீதியில் பாதி உண்மையில்லை. பேக்கிங் செக்‌ஷன் 2017லேயே இடம் மாறிவிட்டது. ஆகவே ஸ்விட்ச்சையே கேட்க வேண்டும்.

ஸ்விட்ச் அடிப்படையில் செய்கிற வேலையே அதுதான். எந்த போர்ட்டின் வழியாக எந்தக் கருவியின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் செய்யும்போதே தரப்படும் தனி எண்) வருகிறது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த முகவரிக்கு வருவதை அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். அதற்கு முந்தைய ஹப்புகள் வந்ததை எல்லா முனைக்கும் கொட்டும். முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை 1990 வாக்கில் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவில் இருந்த கல்பனா என்ற சின்ன நிறுவனம். ஏழு போர்ட். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். தன் மனைவி கல்பனாவின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. நம் ஊர்ப் பெண் பெயரில் தொடங்கிய பொருள் இது என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் செய்தி. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' என்று அடித்தால் அந்தக் குறிப்பு அப்படியே திரையில் வரும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு முறை அடித்து, வந்ததை நகல் எடுத்துக்கொண்டு, வராத போர்ட்டெல்லாம் காலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் குறிப்புக்கு ஆயுள் 300 நொடி. ஐந்து நிமிடம் ஒரு கருவி பேசாவிட்டால் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். நூல் மில் மூன்று ஷிஃப்டில் ஓடுகிறது. பகலில் பேசாத கருவி ராத்திரியில் பேசும். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது மட்டும் பேசுவதும் உண்டு. அதனால் மணிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்துச் சேமிக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, டிசம்பர் முழுவதும் ஓடவிட்டேன்.

இருபத்தொரு போர்ட்டுக்கு ஆள் தெரிந்துவிட்டது: 11 கேமரா, மற்றவை 10. இரண்டு உண்மையிலேயே காலி. மிச்சம் ஒன்று, பத்தொன்பது. காகிதத்தில் அந்த எண்ணுக்கு நேரே ஒன்றுமில்லை. ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டுக்கு விளக்கக் குறிப்பும் இல்லை. விளக்கு எரிகிறது, அதாவது மறுமுனையில் ஏதோ இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க ஒரு முகவரியும் வருவதில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிப் பட்டியலில் மட்டும் நான்கு முகவரிகள். எட்டு மணிக்கு மறுபடி ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் அதேதான்.

எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒயரைப் பிடித்துக்கொண்டு போனோம். கேபிள் டிரே வழியாக, கேன்டீன் கூரைக்கு மேலே, அங்கிருந்து சுவரோரம் பைப்பில் இறங்கி, பெண்கள் ஹாஸ்டலின் தரைத்தளத்து அறை ஒன்றுக்குள் போனது. வார்டன் அக்கா கதவைத் திறந்து காட்டினார். நான்கு பழைய கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை, மேசை மேல் ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்ச் ஒன்று.

"புள்ளைங்க ஞாயித்துக்கெழம படிக்கறாங்க தம்பி. ரெண்டு பேரு பன்னண்டாவது எழுதறாங்க, மூணு பேரு தபால்ல டிகிரி. ஹால் டிக்கெட் எடுக்கறது, பணம் கட்டறது எல்லாம் இதுலதான்."

வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி மூன்று ஷிஃப்டும் வேலை பார்க்கிற பெண்கள். முன்பு இருந்த எச்.ஆர். ஒருவர் சொல்லி யாரோ இழுத்துக் கொடுத்த இணைப்பு. அவர் போய்விட்டார், இழுத்தவரும் போய்விட்டார். ஒயர் மட்டும் இருந்தது. பொங்கல் லீவில் வந்து அன்றைக்குப் பார்த்திருந்தால், ஹாஸ்டல் காலி, கம்ப்யூட்டர்கள் அணைந்திருக்கும், பத்தொன்பதை வேண்டாத ஒயர் என்று வெட்டி எறிந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மாற்றுவதற்குக் குறித்த நாள் மாட்டுப் பொங்கல், 2024 ஜனவரி 16. வருடத்தில் மில் முழுசாக நிற்கிற நாட்களே கொஞ்சம். தீபாவளி, பொங்கல், அவ்வளவுதான். அன்றைக்கு ரிங் ஃபிரேம்கள் நின்றிருக்க, அந்த இடம் இத்தனை அமைதியாக இருக்குமா என்று இருந்தது. பேசினால் எதிரொலி வந்தது.

முந்தின வாரமே புது ஸ்விட்ச்சை வீட்டில் மேசை மேல் வைத்து கான்ஃபிகரேஷன், அதாவது அது எப்படி நடக்க வேண்டும் என்கிற கட்டளைகளை எழுதுவது, முடித்திருந்தேன். பழையதிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்ட முடியாது. பழையதில் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/1, புதியதில் கிகாபிட் ஈதர்நெட் 1/0/1. பெயரை மாற்றி ஒட்டுவது சுலபம். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்து, இது எதற்கு என்று எனக்குப் பதில் தெரிந்த வரியை மட்டும் கையால் எழுதினேன். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. கன்சோல் (ஸ்விட்ச்சோடு லேப்டாப்பை நேரே இணைத்துக் கட்டளை கொடுக்கிற வழி) போட உட்கார்ந்தபோது ஒன்று கவனித்தேன். புதியதில் யூஎஸ்பி கன்சோலும் இருக்கிறது. ஆனால் பழைய வெளிர் நீல கன்சோல் ஒயரும் அதே 9600 வேகத்தில் அப்படியே வேலை செய்தது. எத்தனையோ மாறியும் அந்த ஒயர் மாறவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பழைய ஸ்விட்ச்சின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஐயா போன்: "தம்பி, ஆட்டோகோனர் பக்கம், குடோன் பக்கம், கேமரா எல்லாம் நின்னுபோச்சுங்க!"

ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றுகிற இயந்திரம்) பக்கத்துக் கேமராக்கள் வேறொரு ஸ்விட்ச்சில் இருப்பவை. நான் தொடவே இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே "ஆட்டோகோனர் பக்கம் வந்துடுச்சுங்க, வந்துடுச்சுங்க" என்றார். முக்கால் நிமிடம் போயிருக்கும்.

அது என் தவறு. அலுவலகம், ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர் மூன்று ஸ்விட்ச்சும் ஒரு வளையமாக இணைந்திருந்தன. ஒரு ஒயர் போனாலும் மறுபக்கம் வழி இருக்கும் என்பதற்காக. வளையத்தில் தரவு சுற்றிச் சுற்றி நெரிசலாகிவிடாமல் இருக்க ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி ஒரு இணைப்பை மூடி வைத்துக்கொள்ளும். ஸ்பேனிங் ட்ரீ. 1985இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கியது. அதற்கு முதலில் எல்லாருமாக ஒரு ஸ்விட்ச்சைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே முன்னுரிமை எண்தான், 32768. சமநிலை வந்தால் எந்த ஸ்விட்ச்சின் மேக் முகவரி சிறியதோ அதுவே தலைமை. பெரும்பாலும் மிகப் பழைய பெட்டிக்குத்தான் மிகச் சிறிய எண் இருக்கும். ஆகவே எந்தக் கட்டடத்திலும், யாரும் கவனிக்காத பட்சத்தில், மூலையில் தூசி படிந்து கிடக்கிற மூத்த ஸ்விட்ச்தான் மொத்த நெட்வொர்க்குக்கும் தலைமையாக இருக்கும். நான் பிடுங்கியது அதைத்தான். தலைமை போய்விட்டது என்று உறுதியாக 20 நொடி, மூடியிருந்த வழியைத் திறக்க 30 நொடி. பழைய முறையில் ஐம்பது நொடி வரை ஆகும்.

வேலை நாளில் இது நடந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ' என்று முந்தின நாள் ஒரு முறை அடித்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றே அலுவலக ஸ்விட்ச்சுக்கு 4096 என்று முன்னுரிமை கொடுத்து, தலைமை யார் என்பதை நாங்களே முடிவு செய்து வைத்தோம். எல்லாவற்றையும் வேகமான ரேப்பிட் முறைக்கும் மாற்றியாகிவிட்டது. புதிய 9200எல் இயல்பிலேயே அந்த முறையில்தான் வருகிறது.

ஃபைபர் பக்கம் சீக்கிரம் முடிந்தது. பழையதில் ஃபைபரைச் சாதா நெட்வொர்க் ஒயராக மாற்ற இரண்டு மீடியா கன்வர்ட்டர், அவற்றுக்கு இரண்டு அடாப்டர். புதியதில் ஃபைபர், எஸ்எஃப்பி என்ற சின்னச் செருகு துண்டின் வழியாக ஸ்விட்ச்சுக்குள் நேரே போய்விடும். சுவர்ப் பெட்டியில் இருப்பது எஸ்.சி. முனை, எஸ்எஃப்பிக்கு வேண்டியது எல்.சி. முனை. இரண்டையும் இணைக்கிற குட்டி ஒயரை, பேட்ச் கார்டை, முன்பே வாங்கி வைத்திருந்தேன். மாட்டுப் பொங்கலன்று பல்லடத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

பிஓஇ போடுவதற்கு முன் எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு ஒரு பயம். "எல்லா ஒயர்லயும் கரண்டு வந்துச்சுன்னா கம்ப்யூட்டரு போயிருமில்லீங்களா?" அவர் முப்பது வருடமாகக் கரண்டோடு பழகுகிறவர், அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்விட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட்டை விடுவதில்லை. முதலில் 10 வோல்ட் சுமாருக்கு மேல் போகாத சிறு அழுத்தம் கொடுத்து, மறுமுனையில் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். பிஓஇ கேமராவுக்குள் அந்தத் தடையை வைத்தே செய்திருப்பார்கள். அது இருந்தால்தான் மின்சாரம். கம்ப்யூட்டரில் அது இருக்காது, ஒன்றும் போகாது. சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் மல்டிமீட்டரை எடுத்துவந்து ஒரு காலி ஒயரின் முனையில் வைத்து அளந்து பார்த்தார். பிறகுதான் தலையாட்டினார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேமராக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அண்ணன் ஏணியில் ஏறி அடாப்டர்களைக் கழற்றிக் கழற்றிக் கீழே போட்டார். பதினொன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பிளக் பாயிண்ட்டுகளுக்குப் போன லைனையே எம்சிபியில் பிரித்துவிட்டார்.

பிறகு வந்தவைதான் நான் எதிர்பார்த்த வினைகள்.

பேக்கிங் கம்ப்யூட்டரில் லிங்க் வரவில்லை. பழையதில் அரை மணி முன்பு வரை வந்துகொண்டிருந்தது. போய் சுவர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு இணைப்பாக்கியிருந்தார்கள். ஒரு நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே ஆரஞ்சையும் பச்சையையும் கம்ப்யூட்டருக்கும், நீலத்தையும் பழுப்பையும் பார்கோடு பிரிண்டருக்கும் கொடுத்து, ஒரு கேபிள் இழுக்கிற செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பழைய ஸ்விட்ச்சில் ஓடும். ஆனால் கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கம்ப்யூட்டரும் கிகாபிட், புது ஸ்விட்ச்சும் கிகாபிட். இரண்டும் முதல் இரண்டு ஜோடியில் பேசி, 'சரி, கிகாபிட்டில் போவோம்' என்று ஒத்துக்கொள்கின்றன. பிறகு மற்ற இரண்டு ஜோடியைத் தேடினால் ஆள் இல்லை. சில கார்டுகள் தானாக 100க்கு இறங்கி வரும். இது வரவில்லை.

அந்த போர்ட்டை அன்றைக்கு 100க்கு மட்டுப்படுத்தினேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'ஸ்பீட் 100' என்று கட்டாயப்படுத்தி, கூடவே டூப்ளெக்ஸையும் ஃபுல் என்று பூட்டினால், ஸ்விட்ச் பக்கம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மறுமுனை வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இருவழியா (ஃபுல்), மாற்றி மாற்றி ஒருவழியா (ஹாஃப்) என்று தெரியாமல் ஹாஃபுக்குப் போய்விடும். லிங்க் இருக்கும், பிங் என்கிற சின்னச் சோதனைத் தரவும் போகும், பெரிய கோப்பு அனுப்பினால் மட்டும் ஊர்ந்து போகும். இந்த நோயைத் தேடி நான் ஒரு காலத்தில் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். 'ஸ்பீட் ஆட்டோ 100' என்று கொடுத்தால் பேச்சுவார்த்தையும் இருக்கும், 100ஐத் தாண்டியும் போகாது.

க்யூசி லேப்பிலும் லிங்க் இல்லை. அங்கே ஒயர் பிரிக்கப்படவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புது ஸ்விட்ச்சில் கேபிளையே அளக்கிற வசதி உண்டு. ஒயரில் ஒரு துடிப்பை அனுப்பி, அது எங்கே மோதித் திரும்புகிறது என்று பார்த்து, கோளாறு எத்தனை மீட்டரில் என்று சொல்லும். பழையதன் 100 மெகாபிட் போர்ட்டுகளில் அது கிடையாது. அடித்துப் பார்த்தால் மூன்று ஜோடி சரி, நீல ஜோடி மட்டும் 38 மீட்டரில் அறுந்திருக்கிறது என்று வந்தது. அண்ணன் டேப் எடுத்து டிரேயோடு அளந்துகொண்டே போனார். 37 மீட்டருக்குச் சற்று மேலே, டிரே திரும்புகிற இடத்தில், இரும்புப் பட்டையின் ஓரம் உறையைக் கீறி உள்ளே இறங்கியிருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. பழைய ஸ்விட்ச் நீல ஜோடியைக் கேட்டதே இல்லை; அதனால் அது இல்லை என்று யாருக்கும் தெரியவுமில்லை.

"எட்டூரு டாக்டரு மாதிரி சொல்லுதே!" என்றார் அண்ணன், ஏணியிலிருந்து. அன்றைக்குத்தான் அவருக்குப் புது ஸ்விட்ச்சைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

இரவு ஏழு மணிக்கு எல்லாம் பச்சை விளக்கு. வீட்டுக்கு வந்து மாட்டுப் பொங்கல் சாப்பாட்டில் உட்கார்ந்தேன். எட்டரைக்கு செக்யூரிட்டி ஐயா போன். குடோன் பின்பக்கக் கேமரா இரண்டு அணைந்து அணைந்து எரிகிறது. பகலெல்லாம் நன்றாக ஓடியவை. இருட்டினால் மட்டும் என்ன ஆகிறது?

இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்; இழுக்கிற மின்சாரம் கூடும். ஒயரில் தடை அதிகமாக இருந்தால் அந்தக் கூடுதல் இழுப்பில் மின்னழுத்தம் விழுந்து, கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி விளக்கைப் போட்டு, மறுபடி அணையும். மறுநாள் காலையில் அண்ணன் அந்த ஒயரின் ஒரு முனையை வெட்டி, பேனாக்கத்தியால் கம்பியைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம். இரண்டு சுரண்டலில் வெள்ளி மாதிரி வெளுத்தது. அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நெட்வொர்க் கேபிள் தரங்கள் இதை ஏற்பதே இல்லை; ஆனாலும் விலை குறைவு என்று கடையில் கிடைக்கிறது. தரவு மட்டும் போகும்வரை பிடிபடாது. மின்சாரம் போகத் தொடங்கினால் பிடிபட்டுவிடும். சுரண்டிய அந்த இரண்டு அங்குலத் துண்டை நான் வைத்திருக்கிறேன். கேபிள் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் எடுத்துக் காட்டுகிறேன். தயவுசெய்து வாங்கும் முன் சுரண்டிப் பாருங்கள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கேபிள் இழுத்தோம். பேக்கிங்குக்கு இரண்டு தனித்தனி ஒயர், லேப்புக்கு ஒன்று, குடோனுக்கு இரண்டு. எல்லாம் முழுச் செம்பு. ராக்குக்கும் ஒரு மாற்றம்: புது ஸ்விட்ச்சிலும் ஃபேன் இருக்கிறது, அதுவும் பஞ்சை இழுக்கத்தான் செய்யும். அதனால் ராக்கையே மாஸ்டர் அறைக்கு உள்ளே தள்ளி, கதவில் வலை வைத்தோம். வலையை வாரம் ஒருமுறை ஊதினால் போதும்.

பழையதன் கான்ஃபிகரேஷனை அழித்தேன். விலேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) விவரம் தனிக் கோப்பில் இருக்கும். ஸ்டார்ட்அப் கான்ஃபிகரேஷனை மட்டும் அழித்தால் அது போகாது, அதையும் தனியாக அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் யாராவது அவசரத்துக்கு எடுத்து மாட்டும்போது, பழைய விலேன் பட்டியல் மற்ற ஸ்விட்ச்சுகளுக்கும் பரவி இருப்பதையெல்லாம் துடைத்துவிடக்கூடும். துணியால் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்தேன். பொட்டை அழிக்கவில்லை.

ஞாயிறு, 21ஆம் தேதி. ஊருக்குப் போன பெண்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டிலிருந்தே புது ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து பார்த்தேன். பத்தொன்பதாம் போர்ட்டில் நான்கு முகவரிகள். ஆறு இருபதுக்கு வார்டன் அக்கா கூப்பிட்டார்.

"நெட்டு வருதுங்க தம்பி. ஆனா முன்னாடி மாதிரியேதான் மெதுவாத்தான் வருது. நாலு புள்ளைங்களும் வீடியோ பாடம் போட்டா நின்னு நின்னு போகுது. மத்தவங்களுக்கெல்லாம் புதுசுன்னாங்களே?"

மெதுவுக்குக் காரணம் அந்த அறையிலிருந்த குட்டி ஸ்விட்ச்சாக இருக்கலாம் என்று பட்டது. எங்கள் பெட்டியைவிட அது இன்னும் பழையது, தொடும்போதே கொதித்தது. திங்கட்கிழமை காலை ஒரு கிகாபிட் குட்டி ஸ்விட்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டினேன். நான்கு கம்ப்யூட்டருக்கும் விளக்கு வந்தது. ராக்கிலிருந்து வருகிற ஒயருக்கு மட்டும் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து பத்தொன்பதாம் போர்ட்டை அளக்கச் சொன்னேன். நீல ஜோடி, 52 மீட்டர். கேன்டீன் கூரைக்கு மேலே எங்கேயோ.

எலக்ட்ரீசியன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். திரையை எட்டிப் பார்த்தார். 305 மீட்டர் கேபிள் பெட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நான் கணக்குப் போடும் முன்பே ஏணியைத் தோளில் தூக்கிவிட்டார்.

"எம்பது மீட்டரு இருக்குதுங்க தம்பி. ஹாஸ்டலுக்குன்னு அன்னைக்கே ஒதுக்கி வெச்சேன்."